மிஸி வளர்த்த பச்சைத் தேரை

“ஒன்றுமில்லை” என்ற ஒரு சொல்லை அந்த மனுசியின் வாயிலிருந்து வாங்கிவிட இணுவிலில் எத்தனையோ தாய்மார் முயன்று தோற்றிருக்கிறார்கள். நானும் தோற்றவள்தான்.

எங்கள் பகுதிக்கு அவர் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தார். அந்த நீளமான பட்டத்தை யாரும் சொல்வதில்லை. கர்ப்பிணிகளின் வீடுகளுக்கும் குழந்தை பிறந்த வீடுகளுக்கும் வெள்ளைச் சீருடையோடு ஸ்கூட்டியில் வந்து போகும் அவர் எல்லோருக்கும் மிஸி. வீடு வட்டுக்கோட்டைப் பக்கம். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற வேதக்காரக் குடும்பம்.

மற்ற ஊர்களின் மிஸிமார் வந்தால் வயிற்றைத் தடவி, “பயப்பிடாதையுங்கோ, எல்லாம் நல்லபடி நடக்கும்” என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். எங்கள் மிஸி வந்து போனால் அன்று பின்னேரம் வரை எனக்குச் சோறு இறங்காது. குழந்தை வயிற்றில் துடிக்கிறதே என்று நான் சந்தோசமாகச் சொன்ன நாளில், “இண்டைக்குத் துடிக்குது. நாளைக்கும் துடிக்குதோ எண்டு பாருங்கோ” என்றார்.

“ஒண்டுமில்லைத்தானே மிஸி?”

“ஒண்டுமில்லை எண்டு நான் சொல்லன், தங்கச்சி. பாக்கோணும்.”

என் மாமியார் கோபத்தில் மிஸிக்குப் பட்டப் பெயரே வைத்துவிட்டார். “யமனுக்கு முன்னாலை வந்து மணி அடிக்கிற மனுசி” என்பார். ஆனால் மிஸி வருகிற நாளில் நல்ல கதிரையைத் துடைத்துப் போடுகிறவரும் மாமிதான்.

பயப்படுத்துகிறவர் என்று சொன்னால் அது பாதிதான். அவரே ஒரு பயக் களஞ்சியம். ரயில் கடவையில் தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தாலும் ஸ்கூட்டியை நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தள்ளிக்கொண்டுதான் கடப்பார். பின்னால் நிற்கிற ஓட்டோக்காரர் ஹோன் அடித்து அலுத்துப்போவார்கள். எங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றினால், திரும்பப் போடும்போது கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார். சித்திரை மாதத்திலும் மழைக்கோட் ஸ்கூட்டிப் பெட்டிக்குள் கிடக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் தேரை. எங்கள் குளியலறையில் எப்போதும் ஒரு மண்நிறத் தேரை இருக்கும். யாழ்ப்பாணத்தில் எந்தக் குளியலறையில்தான் இல்லை? ஒருநாள் கை கழுவப் போன மிஸி குழாயின்மேல் அதைக் கண்டுவிட்டார். அவர் போட்ட கூச்சலில் அடுத்த வளவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மிஸி விறாந்தைத் தூணைப் பிடித்தபடி நின்றார். “அது பாயும். எந்தப் பக்கம் பாயும் எண்டு அதுக்கே தெரியாது. அதுதான் எனக்குப் பயம்” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிணற்றடியில்தான் கை கழுவுவார், நான் வாளியை எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு.

மகள் பிறந்தாள். முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழிந்த கையோடு சித்திரை வெயில் பிடித்தது. அவள் பாலைக் கொஞ்சம் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், திரும்பக் குடிப்பாள், களைத்துத் தூங்கிவிடுவாள். நெற்றி முழுக்க வியர்வை. முதல் பிள்ளை, எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. குழந்தைகள் இப்படித்தான் குடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஸி தராசைக் கூரை வளையில் கொழுவி மகளை நிறுத்தார். முகம் மாறியது. சட்டையைக் கழற்றச் சொல்லி, அவளுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால் குடிக்கேக்கை நெத்தி வேர்க்குதோ?”

“ஓம் மிஸி.”

“சித்திரை வெயிலுக்கு எனக்கும்தான் வேர்க்குது” என்றார் மாமி. “என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறீங்களோ?”

மிஸி சிரிக்கவில்லை. “நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இதயத்தைப் பாக்கோணும்.”

“இதயத்திலை என்ன?”

“தெரியாது அம்மா. தெரியாதபடியால்தான் பயமாக்கிடக்கு.”

என் கணவருக்கு வவுனியாவில் வேலை. கிழமை முடிவில்தான் வருவார். “தம்பி வரட்டும், சனிக்கிழமை பாப்பம்” என்று மாமி சொன்னார். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர் இதற்கும் பயப்படுகிறார் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஓயாமல் மணி அடிக்கிறவரிடம் இதுதான் சங்கடம்.

இந்த இடைவெளிக்குள்தான் அந்தப் பச்சைத் தேரை வந்து குதித்தது.

மாமிக்கு இரண்டு பைத்தியம்: ஒன்று என் மகள், மற்றது பூஞ்சாடி. மலைநாட்டிலிருந்து பூங்கன்று ஏற்றிவரும் லொறி எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும். மாமி அதில் ஒரு அந்தூரியம் வாங்கி, வெயில் படாமல் விறாந்தை மூலையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில்தான் மகளின் ஏணைத் தொட்டில் கட்டியிருந்தது. அடுத்த நாள் காலையில் அவளைத் தூக்கப் போன மாமி அலறினார்.

“ஐயோ பிள்ளை, ஓடி வா! குஞ்சின்ரை நெஞ்சிலை தேரை!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குருத்து வாழையிலையின் பச்சை. கண் மட்டும் பொன்னிறம். கால்களை மடித்துக்கொண்டு, யாரோ ஒட்டிவைத்த பொட்டுப்போல மகளின் வெள்ளைச் சட்டையில் இருந்தது. மாமி கையை ஓங்கியதும் பாய்ந்தது; பாயும்போது தொடையின் உள்பக்கம் பளிச்சென்று மஞ்சள் தெரிந்தது. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்து அவ்வளவு பயந்தது எனக்கு அதுவே முதல் தடவை.

தேரை மோந்த தேங்காயில் பருப்பிருக்காது என்பார்கள். தேரை விழுந்த பிள்ளையும் அப்படித்தான் வற்றிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விலா எலும்பு தெரியும், நெஞ்சு தேரையின் தொண்டைபோலப் படபடவென்று அடிக்கும் என்பார்கள். மகளுக்கு அது எல்லாமே இருந்தது. தேரை வருவதற்கு முன்பே இருந்தது என்று சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்குக் காரணம் தானாகவே குதித்து வந்துவிட்டது.

“நான்தான் கொண்டுவந்தனான். என்ரை கையாலை காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்தனான்” என்று மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நூல் கட்டுகிற பெரியவரிடம் கொண்டுபோனோம். ஓதி, கறுப்பு நூலைக் கட்டிவிட்டு இரண்டு கட்டளை போட்டார். மூன்று வெள்ளி கழியும் வரை குழந்தை வாசல் படலை தாண்டக்கூடாது. தேரையைக் கொல்லக்கூடாது, தேரை காய்ந்தால் குழந்தையும் காயும். மாமி வீட்டுக்கு வந்ததும் அந்தூரியத்தைச் சல்லடை போட்டுத் தேடித் தேரையைக் கண்டுபிடித்து, சாடியின்மேல் மாவரிக்கிற அரிதட்டைக் கவிழ்த்து, பொழுதுக்கும் தண்ணீர் தெளித்தபடி இருந்தார். சனிக்கிழமை வந்த என் கணவர் தாயின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறிவிட்டார்.

நான் கம்பஸில் விஞ்ஞானம் படித்தவள். நூலில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமியின் சொல்லை மீறிப் படலை தாண்டி, வழியில் என்னவும் நடந்தால்? மகளோ பால் குடிப்பதையே ஒரு வேலையாக நினைத்து வெறுக்கத் தொடங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை மிஸி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் படியிலேயே இருந்துவிட்டார். மாமி எல்லாவற்றையும் சொன்னார். நூலைக் காட்டினார். மிஸி மகளைத் தூக்கி மடியில் வைத்து நெஞ்சைப் பார்த்தார்.

இப்போது பெரிய சண்டை நடக்கும், மூடநம்பிக்கை அது இது என்று மிஸி கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மாமியும் அதற்குத் தயாராக இடுப்பில் கையை வைத்தபடி நின்றார். மிஸி எழும்பி, தூணைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, அந்தத் தேரையை ஒருக்கால் காட்டுங்கோ.”

மாமி அரிதட்டைத் தூக்கினார். மிஸி தள்ளி நின்று கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

“எங்கடை தேரை என்ன நிறம், அம்மா?”

“மண் நிறம்.”

“உது?”

“பச்சை. காலுக்கை மஞ்சள்.”

“நூல் கட்டினவர் உதைப் பாத்தவரோ?”

“இல்லை. தேரை விழுந்தது எண்டு நான்தான் சொன்னனான்.”

“அப்ப அவர் எங்கடை தேரைக்கெல்லோ ஓதிக் கட்டியிருக்கிறார். உது மலைநாட்டுத் தேரை. உதின்ரை தோசத்துக்கு உந்த நூல் கேக்காது.”

மாமியின் கைகள் இடுப்பிலிருந்து இறங்கின. “அப்ப ஆர் மிஸி பாப்பினம்?”

“பெரியாஸ்பத்திரியிலை பாப்பினம். இண்டைக்கே போகோணும். பிந்தினால் அவையளாலும் ஏலாது.”

“நூல் கட்டிப்போட்டுப் படலை தாண்டினால்...”

“பிழையான நூலுக்குப் படலை என்ன அம்மா?”

இதைச் சொல்லும்போது மிஸி எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. தன் கால் விரல்களைப் பார்த்தபடி சொன்னார். கழுத்துச் சிலுவையை விரல்கள் தடவிக்கொண்டிருந்தன. மாமி ஓடிப்போய்ப் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினார். பாதியில் திரும்பி வந்தார்.

“எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனால் தேரைக்கு ஆர் தண்ணி தெளிக்கிறது? அது காய்ஞ்சால் குஞ்சும் காயும். நான் வரேல்லை. நீங்கள் போங்கோ... இல்லை, குஞ்சை விட்டிட்டு நான் என்னண்டு இருப்பன்?”

மாமி வராவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும் என்று மிஸிக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது.

“நான் கொண்டுபோய் வளக்கிறன்” என்றார் மிஸி.

ஜாம் போத்தல் ஒன்றுக்குள் ஈரப்பஞ்சு வைத்து நான்தான் தேரையைப் பிடித்துப் போட்டேன். மிஸி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு போத்தலை வாங்கினார். மூடியைத் திருகினார். பிறகும் திருகினார். ஸ்கூட்டி இருக்கையின் கீழ்ப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். “நீங்கள் பிள்ளைக்குக் கிட்டத்துச் சொந்தம். இனி உதைப் பாக்கக்கூடாது” என்று மாமியிடம் சொல்லிவிட்டு, நாங்கள் ஓட்டோவில் ஏறும்வரை வெயிலில் நின்றார்.

இதயத்தில் ஓட்டை. பெரியாஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் நிறை போதாது என்றார்கள். மூக்கால் குழாய் விட்டுப் பால் ஏற்றி, கொஞ்சம் தேறிய பிறகுதான் சத்திரசிகிச்சைக்கு வெட்டலாம் என்றார்கள். காத்திருப்பு தொடங்கியது. ஒருநாள் ஏறும் நிறை மறுநாள் இறங்கும். டொக்டர்மார் வந்து பார்த்துத் தங்களுக்குள் கதைத்துவிட்டுப் போவார்கள்.

வார்டில் தாய் மட்டும்தான் நிற்கலாம் என்றதால் ஊருக்குத் திரும்பியிருந்த மாமி தினமும் போன் எடுத்தார். பேத்தியைக் கேட்பதற்கு முன்பு, “தேரை எப்பிடியாம்? மிஸியைக் கேட்டனியோ?” என்பார். மாமிக்காகத்தான் முதலில் மிஸிக்கு எடுத்தேன்.

“இருக்குது தங்கச்சி. பச்சையா இருக்குது.”

அடுத்த நாளும் எடுத்தேன். “இண்டைக்கு ஒரு ஈ பிடிச்சது” என்றார். இன்னொரு நாள், “போத்திலை விட்டுப் பெரிய தொட்டிக்கு மாத்தியிருக்கிறன். கண்ணாடியிலை ஏறி ஒட்டிக்கொண்டிருக்குது” என்றார். கத்துமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “பின்னேரத்திலை கத்தும். சின்னச் சத்தம்” என்றார்.

சில நாட்களில் மாமி கேட்காமலே எடுக்கத் தொடங்கினேன். மகளின் நிறை இறங்கிய நாட்களில் இரண்டு தரமும் எடுப்பேன். டொக்டர் என்ன சொன்னார் என்பதைவிட, வட்டுக்கோட்டையில் ஒரு தொட்டிக்குள் அது பச்சையாக இருக்கிறது என்பதுதான் எனக்குச் சோறு இறக்கியது. விஞ்ஞானம் படித்தவள் சொல்லக் கூடாத வார்த்தைதான். ஆனால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லாத மனுசி சொல்கிறார், அதனால் நம்பினேன். சத்திரசிகிச்சைக்கு மகளைத் தள்ளிக்கொண்டு போன காலையிலும் எடுத்தேன்.

“மிஸி?”

“பச்சையா இருக்குது” என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

மகள் தப்பினாள். ஊருக்கு வந்தபோது, தேரையைப் பூங்கன்று லொறிக்காரனிடம் கொடுத்து மலைக்கே அனுப்பிவிட்டதாக மிஸி சொன்னார். மாமி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் கொடுத்தார். மிஸி அதைப் பிரித்து, பழத்துக்குப் பழம் இடையில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார். அந்தப் பட்டப் பெயரை மாமி அதற்குப் பிறகு சொன்னதில்லை. கொஞ்ச நாளில் மிஸிக்கு வேறு இடம் மாற்றம் வந்தது. பிறகு ஓய்வு பெற்றார்.

மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டிக்கு நிற்கிறாள். நெஞ்சில் நேர்கோடாக ஒரு தழும்பு. “என்ரை தேரை” என்று அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். மிஸியைப் பார்க்க வேண்டும் என்று அவள் நச்சரித்ததால் போன மாதம் வட்டுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மிஸிக்கு நடை தளர்ந்திருந்தது. மகளை நிற்கவைத்து, நடக்கவைத்து, மூச்சைக் கவனித்தார். தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனதும் மகளும் வால்போலப் பின்னால் போனாள். விறாந்தையில் நானும் மிஸியின் கணவரும்.

“அந்தத் தேரையாலை இவ பட்ட பாடு!” என்று அவர் சிரித்தார். “மூடியிலை ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருக்கலாமெல்லோ. ஓட்டையாலை வந்திடுமெண்டு பயம். இறுக்கிப் பூட்டி, ஸ்கூட்டிப் பெட்டிக்கை வைச்சு, அந்த வெயிலுக்குள்ளாலை கொண்டுவந்தால் சாகாமல் என்ன செய்யும்?”

“செத்ததோ?”

அவர் சிரிப்பு நின்றது. “உங்களுக்குத் தெரியாதோ பிள்ளை? அண்டைக்கே செத்திட்டுது. நான்தான் மாதுளைக்குக் கீழை தாட்டனான்.”

ஈ பிடித்தது, கண்ணாடியில் ஏறியது, பின்னேரத்தில் கத்தியது எல்லாம் காதுக்குள் ஒவ்வொன்றாக வந்தன.

“நீங்கள் போன் எடுத்து வைச்ச பிறகு இவ நடுங்கிக்கொண்டு இருப்பா” என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “தேரையும் என்ரை கையாலை செத்துப்போச்சு, பொய்யும் சொல்லுறன், ரெண்டும் அந்தக் குழந்தையிலை விழுந்திடுமோ எண்டு கேட்டுக் கேட்டு அழுவா. உங்கடை பிள்ளைக்கு வெட்டின அண்டைக்குத் தேவாலயத்திலை போய் இருந்திட்டா. எழுப்பேலாமல் போச்சு.”

எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவர் அவர்தான். அந்தப் பயத்தில் ஒரு துளிகூட போனில் எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது; சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

மிஸி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். பின்னாலேயே மகள்.

“மிஸி அம்மம்மா, என்ரை தேரை எங்கை இப்ப?”

மிஸி கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கண்ணைக் கண்டதும் அவருக்கு விளங்கியிருக்கும். தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. நான் எழும்பிப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன்.

“மலையிலை” என்றார். “பச்சையா இருக்குது, குஞ்சு.”

“அதுக்கு ஒண்டுமில்லைத்தானே?”

மிஸி மகளின் சட்டைக் கழுத்துக்குள் எட்டிப் பார்த்த தழும்பின் நுனியைத் தொட்டார்.

“ஒண்டுமில்லை” என்றார்.

மகள் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுக் கோப்பையை எடுத்தாள்.

“பொறு, பொறு, சுடும். ஊதிக் குடி. படியிலை இருக்காதை, வழுக்கும். உள்ளுக்கு வந்து இரு.”